கைவசமுள்ள காய்கறியும் கடனில்லாச் சமையலும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கென எழுதப்பட்ட பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கக் கூட்டமென்றால் பங்குத்தொகை, வட்டி, தவணை, ஜாமீன் ஆகியவற்றைப் பற்றியே பேச்சு நிகழ்வது வழக்கம். இன்று கத்திரிக்காயையும் கீரையையும் கொள்ளையும் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு நகைப்பை உண்டாக்கலாம். "சமையல் பெண்பிள்ளைகள் காரியமாயிற்றே, சங்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் இருப்போர் கேட்பதும் இயல்பே. ஆயினும் இவ்வியக்கத்தின் பூர்வ வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு கேளார். இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் தேதி ஏழைத் தொழிலாளர் சிலர் கூடி ஒரு கடை திறந்தனர். முதல் நாள் அக்கடையில் இருந்த சரக்கு வெண்ணெயும், சர்க்கரையும், கோதுமை மாவும், ஓட்ஸ் மாவும், சில மெழுகுவர்த்திகளுமே. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கம் அந்தச் சமையலறைச் சாமான்களிலிருந்து கிளைத்ததென்பதை மறத்தலாகாது. சென்னை ராஜதானியிலும் கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே திருவல்லிக்கேணியில் தோன்றிய சங்கம் பண்டகசாலைச் சங்கமேயன்றிக் கடன் கொடுக்கும் சங்கமன்று. ஆகையால் அடுப்பங்கரைக் காரியம் சங்கத்துக்கு அந்நியமானதல்ல.

மேலும், சங்கக் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்கு விளங்கும். பயிருக்கென்று வாங்கிய கடன் முழுவதும் பயிருக்கே போவதில்லை. அதில் ஒரு பங்கு வாங்கிய வாரத்திலேயே மளிகைக் கடைக்குப் போய்விடுகிறது. விதை வாங்கவும், களை எடுக்கவும் வேண்டிய பணம் பழைய மளிகைப் பாக்கியை அடைக்கப் போனால், பிறகு உரத்துக்கு வேறிடத்தில் கைநீட்ட வேண்டும். அங்கே வட்டி சங்கத்து வட்டியாக இராது. தவணை தவறியவர்களைச் சோம்பேறிகள் என்றும் நாணயமற்றவர்கள் என்றும் ஏசுவது எளிது. அவர்களிற் பலர் வீட்டில் நாள்தோறும் சிறுசிறு தொகையாகக் கசிவதைக் காணாதவர்களே. கலியாணச் செலவை எல்லோரும் கண்டிக்கின்றனர். அது பல வருஷங்களுக்கு ஒருமுறை வருவது. சமையற் செலவோ ஒவ்வொரு நாளும் வருவது. ஆகவே, சிக்கனத்தை எங்கே தொடங்க வேண்டுமென்பது வெளிப்படை.

சிக்கனமென்றவுடன் வயிற்றைக் கட்டுவது என்று பொருள்கொள்ளலாகாது. அரைவயிறு உண்டு மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. மறுவருஷம் வைத்தியருக்குக் கொடுக்க வேண்டிய கடனை இந்த வருஷமே எழுதி வைப்பதாகும் அது. குறைந்த பணத்தில் நிறைந்த போஷணை பெறுவதே இங்கே கூறும் சிக்கனம்.

நாமக்கல் சீமைக்காரருக்கு இதை விளக்க வேறு உபமானம் தேட வேண்டியதில்லை. சேலம் ஜில்லாவின் பகுதியாயிருந்து 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தனி ஜில்லாவான இந்நாடு கோழி முட்டைக்குத் தேசமெங்கும் பெயர்பெற்றது. இங்குள்ள பண்ணைக்காரர் கோழித் தீவனத்தை எவ்வளவு கருத்துடன் கலக்கின்றனர்! மக்காச்சோளம் இவ்வளவு, புண்ணாக்கு இவ்வளவு, கிளிஞ்சல் இவ்வளவு என்று நிறுத்துச் சேர்க்கின்றனர். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் புரதச்சத்து நூற்றுக்கு 16 முதல் 18 பங்குவரை இருக்க வேண்டுமென்பதும், சுண்ணாம்புச்சத்து குறைந்தால் ஓடு மெலிந்து முட்டை உடையுமென்பதும் அவர்களுக்கு மனப்பாடம். அதே பண்ணைக்காரர் வீட்டுக் குழந்தையின் தட்டில் புரதம் எவ்வளவு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார். கோழிக்குள்ள கணக்கு மனிதனுக்கு இல்லாதது வியப்பே. இன்றைய பேச்சு முட்டையை விலக்கி, காய்கறியும் தானியமும் பருப்புமாக உண்ணும் வீட்டைப் பற்றியதாதலின், அக்கணக்கு இன்னும் அவசியமாகிறது.

அதிலும் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஸ்திரீகளின் நிலை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் உட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவரென்று கண்டனர். அதாவது, இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் இருவரில் ஒருவர். இதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், வீட்டு வழக்கம் ஒன்றை மறைப்பதிற் பயனில்லை. சமைத்தவள் கடைசியில் உண்கிறாள். முதற்பந்தியில் பொரியலும், கீரையும், குழம்பில் கிடக்கும் பருப்பும் தீர்ந்துவிடுகின்றன. அவளுக்குச் சோறும் சட்டியை வழித்த குழம்புமே மிஞ்சுகின்றன. களை வெட்டுகிறவளும் அவளே, நாற்று நடுகிறவளும் அவளே, பிள்ளை பெறுகிறவளும் அவளே. காய்கறி எவ்வளவு சமைத்தாலும் பகிர்வு இவ்வாறிருந்தால் வீட்டில் பாதிப்பேர் நோயாளிகளாகவே இருப்பர். சமைத்தவுடன் அவளுக்குரிய கீரையையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் முதலில் எடுத்து வைக்குமாறு வீட்டுப் பெரியவர் சொன்னால் போதும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனிச் சமையலுக்கு வருவோம். முதலில் சோறு.

நீலகிரி குன்னூரில் 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்திய நிபுணர் சிறியதோர் ஆராய்ச்சிச் சாலையைத் தொடங்கினார். 'பெரிபெரி' என்னும் வியாதியைப் பற்றிய விசாரணையே அதன் முதல் வேலை. 1935 முதல் அதன் தலைவராயிருந்த ஆய்க்ராய்ட் இந்திய ஆகாரங்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி 1937-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாராய்ச்சிச் சாலையே பின்னர் 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. நெல்லைப் பற்றி அவர்கள் கண்டது நம்மவர் அறிய வேண்டியது. தீட்டிய பச்சரிசியையே உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்தது. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்வதே காரணம். இச்சத்தை நம் பாட்டிமார் ஆராய்ச்சிச் சாலை இல்லாமலே காப்பாற்றி வைத்தனர். நாமோ அரிசியை ஐந்தாறு தண்ணீரில் கசக்கிக் கழுவியும், வடித்த கஞ்சியை மாட்டுத்தொட்டியில் ஊற்றியும் அதனைப் போக்கடிக்கிறோம். மாடு கொழுக்கிறது என்பது உண்மையே. இரண்டு தண்ணீரில் லேசாக அலசி, அளவான நீர் வைத்து, வடிக்காமல் பொங்கினால் அச்சத்தில் பெரும்பகுதி வீட்டிலேயே தங்கும். வடித்தே பழக்கமென்றால், கஞ்சியில் உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம், அல்லது இரசத்துக்கு விடலாம். நியாயவிலைக் கடைகளில் 2023-ஆம் ஆண்டளவில் செறிவூட்டிய அரிசி கலந்து வந்தபோது, நீரில் மிதந்த மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று அஞ்சிப் பொறுக்கி எறிந்த வீடுகள் பல. இரும்புச்சத்தும் ஜீவசத்தும் சேர்த்துப் பிசைந்து மணியாக்கிய அரிசி மாவே அது. எதையும் எறிவதற்குமுன் விசாரித்தல் நலம்.

சோற்றையும் பருப்பையும் ஒரே பாத்திரத்தில் ஆக்குவது கொங்குநாட்டுக்குப் பரம்பரையாக வந்த உபாயம். அரிசியும் பருப்புமென்று இதற்குப் பெயர். மூன்று பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி அரைமணி ஊறவிட வேண்டும். சட்டியில் இரண்டு கரண்டி கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நசுக்கிய பூண்டு நாலைந்து பல் ஆகியவற்றை வதக்கி, ஒரு தக்காளியும் மஞ்சளும் சேர்த்து, அரிசி பருப்புக்கு மூன்று மடங்கு நீரூற்றிக் கொதித்தவுடன் அரிசியும் பருப்பும் உப்பும் இட்டு மூடிவிட்டால் சோறும் குழம்பும் ஒன்றாக முடிந்தன. அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று, கழுவுவதும் ஒன்று. கையிலிருக்கும் காய் எதுவானாலும், அது அவரையோ, முருங்கைக்காயோ, பூசணித்துண்டோ, ஒரு பிடி முருங்கைக்கீரையோ, அதிலேயே போடலாம். தானியத்தில் குறைவான புரதப்பகுதி பருப்பிலும், பருப்பில் குறைவானது தானியத்திலும் இருப்பதால், சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறதென்று ஆகார சாஸ்திரிகள் கூறுகின்றனர். களத்துமேட்டிலிருந்து பொழுதிறங்கி வருகிறவளுக்கு இதைவிட எளிய சமையல் இராது.

இங்கே ஒரு கணக்கு. 2007-ஆம் ஆண்டு தொடங்கிய விசேஷ விநியோகத் திட்டத்தின்படி, பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்தும் நியாயவிலைக் கடைகளில், அட்டையொன்றுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு சகாய விலைக்குத் தரப்பட்டு வந்துள்ளது. ஐவருள்ள குடும்பத்தில் அதனை முப்பது நாளைக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராமும் தேறாது. ஆகாரத்துக்குப் பருப்பு இதைப்போல் பல மடங்கு வேண்டும். மீதியைக் கடைத் துவரம்பருப்பாகவே வாங்க முயன்றால் மளிகைக் கணக்கு ஏறத்தான் செய்யும். ஆனால் துவரை ஒன்றுதான் பருப்பா? மானாவாரிக் காட்டில் விளையும் கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, அவரை விதை ஆகியவையெல்லாம் எதற்கு?

கொள்ளை மாட்டுத் தீனியென்று இகழ்வது ஒரு நாகரிகமாகிவிட்டது. நூறு கிராம் கொள்ளில் புரதம் ஏறக்குறைய 22 கிராம். துவரையிலும் அதே அளவுதான். ஏர் இழுக்கும் காளைக்கு வலுவைக் கொடுத்த தானியம், ஏர் பிடித்தவனுக்குக் கேவலமாயிற்று! இரவே ஊறப்போட்டு, காலையில் அந்நீரை மாற்றி, நெகிழ வேகவைக்க வேண்டும். வெந்த நீரை வடித்துப் புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டால் இரசம். நின்ற பருப்பில் வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம் மூன்றையும் வறுத்துச் சேர்த்து, நாலு சின்ன வெங்காயமும் வைத்து, மத்தால் கடைந்து தாளித்தால் கொள்ளுப்பருப்பு. ஓர் ஆழாக்குக் கொள்ளில் ஐவருக்குச் சோற்றுக்கும் களிக்கும் வேண்டிய இரண்டு பதார்த்தங்கள் ஆயின.

பருப்பு வேகாமை குறித்து ஊர்தோறும் முறையீடு உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாயிருக்கும் இடங்களில் பருப்பு கல்லுப்போல் நிற்கிறது. விறகும் வாயுவும் வீணாகின்றன. உடனே ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போடுவது பலர் வழக்கம். பருப்பு குழையும், அதோடு தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஒரு ஜீவசத்தும் அழிந்துபோகும். சோடாவுக்குப் பதிலாகப் போதிய நேரம் ஊறவைத்தலும், பிடித்து வைத்த மழைநீரையோ நல்ல குடிநீரையோ பருப்புக்கு மட்டும் உபயோகித்தலும் தக்கவை. மற்றொன்று: புளி, தக்காளி, மாங்காய் முதலிய புளிப்புப் பொருள்களைப் பருப்பு வெந்தபிறகே சேர்க்க வேண்டும். முன்னே சேர்த்தால் பருப்பு வேகத் தாமதிக்கும். இதை அறியாமல் எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டி, ஒருமணி நேரம் அடுப்பெரிப்பவர் அநேகர்.

காய்கறிகளில் ஏழைக்கு நெருங்கிய உறவு கத்திரிக்காய். விலை ஏறும்போது வியாபாரி கொள்ளுவான். இறங்கும்போது பறிகூலிக்கும் கட்டாதென்று செடியிலேயே விடுவர். அப்படி விடும் காலத்தில் அதனை எவ்வாறு செலவிடுவதென்று தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து கத்திரிக்காய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, மூன்று பச்சைமிளகாய், நெல்லிக்காயிற் பாதியளவு புளி ஆகிய இவற்றை மண்சட்டியில் அவை மூழ்குமளவு நீரில் வேகவைத்து, உப்பிட்டு, மத்தால் கடைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் கடைசல். தேங்காய் வேண்டாம், மசாலை வேண்டாம். காலையில் இட்லிக்கும் பகலில் சோற்றுக்கும் இரவில் கம்மஞ்சோற்றுக்கும் அதுவே உதவும். வேகவைத்த நீரை இறுத்துக் கொட்டாமல் அதிலேயே கடைவதுதான் இதன் சிறப்பு. பொரியல் செய்யும் வீடுகளில் காயை வேகவைத்து நீரை வடிக்கின்றனர். கரையும் சத்தெல்லாம் அந்நீருடன் போய்விடுகிறது. நறுக்கிய பிறகு கழுவுவதும் அத்தகையதே. முதலிற் கழுவி, பிறகு நறுக்கி, சிறிதளவே நீர் தெளித்து, மூடி வேகவைத்தல் வேண்டும்.

கீரைக்குப் பணம் கொடுப்பது கிராமத்தில் இருப்பவனுக்கு அழகன்று. மழைபெய்து பத்து நாளில் சோளக்காட்டிலும் கடலைக்காட்டிலும் தானே முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி, வேலியில் படரும் கோவை ஆகிய இவற்றைக் களையென்று பிடுங்கி எறிந்துவிட்டுச் சந்தையில் கட்டுக்கீரை வாங்குவோரைக் காண்கிறோம். களைக்கொல்லி தெளித்த காட்டுக் கீரையைமட்டும் தொடலாகாது. இஃது இக்காலத்தில் மறவாது கேட்டறிய வேண்டியது. முருங்கைக்கீரையில் எடைக்கு எடை பாலைக்காட்டிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம். கண்பார்வைக்கு இன்றியமையாத ஜீவசத்தாக மாறும் பொருளும் ஏராளம். அது உடலிற் சேர எண்ணெய்ப்பசை வேண்டுமாதலால், கீரையை வெறும் நீரில் அவித்து உண்பதினும் ஒரு கரண்டி கடலெண்ணெயில் தாளித்தல் மேலானது. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதாக ஏறுவதில்லை. அதே உணவில் எலுமிச்சம்பழச் சாறோ, தக்காளியோ, ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்கு ஏறும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் தடைப்படும். இருப்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பும் சிறிது குழம்பில் இறங்குகிறது. பாட்டி காலத்து இருப்புச் சட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்குவது விநோதமானதோர் வியாபாரம். (வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாமென்று இதற்குப் பொருளன்று.)

எறிவதை எண்ணிப் பார்த்தால் இன்னும் பலவுண்டு. பீர்க்கங்காய்த் தோலை வதக்கி, வரமிளகாயும் உளுந்தும் வறுத்துச் சேர்த்து அரைத்தால் துவையல். முள்ளங்கி வாங்குவோர் இலையைக் கடையிலேயே கிள்ளிவிட்டு வருகின்றனர். அவ்விலையைப் பாசிப்பருப்புடன் கடையலாம். வெங்காயத் தாளும் அவ்வாறே. மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக்கரையில் வாழைத்தார் வெட்டிய பின் தண்டு குப்பையாய்க் கிடக்கிறது. நார் எடுத்துப் பொடியாக நறுக்கி மோர் கலந்த நீரில் போட்டால் கறுக்காது. பாசிப்பருப்புடன் கூட்டாகச் செய்யலாம். வாழைப்பூ ஆய்வதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிக் கூறாமல் இந்தச் சீமையில் எந்தச் சமையற் பேச்சும் முற்றுப்பெறாது. உலக யுத்தத்தால் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ல் சேலம் மாணிக்கம் செட்டியாரும் பொபத்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினர். மறுவருஷமே உணவுப் பஞ்சம் கடுமையாக, கிழங்கு ஜனங்களின் வயிற்றுக்கே வேண்டுமென்று ஜில்லா அதிகாரிகள் ஆலைகளுக்குத் தடை விதித்தனர். கிழங்குக்காக அடுப்பும் ஆலையும் போட்டியிட்டது அன்று. பின்னர் ஆலை வென்றது. 1981-ல் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவு விற்பனை ஸ்தாபனமும் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதனால் விவசாயிகள் பெற்ற வருமானத்தை யாரும் மறுக்கமாட்டார்.

சமையலுக்கு வரும்போது இரண்டு எச்சரிக்கை. ஆலைக்கென்று பயிரிடும் ரகங்களில் கசப்பான நஞ்சு மிகுதியாக இருக்கக்கூடும். தின்பதற்கென்று விற்கும் கிழங்கையே வாங்கி, தோலை முழுதும் உரித்து, துண்டாக்கி, திறந்த பாத்திரத்தில் தாராளமான நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். நீரைக் கொட்டாதீர் என்று கூறிய விதிக்கு இது ஒன்றே விலக்கு. கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது. இரண்டாவது, மரவள்ளியில் வயிற்றை நிரப்பும் மாவு உண்டேயன்றிப் புரதம் மிகச் சொற்பம். ஆதலின் அதைத் தனியே உண்டு பசியாறுவது ஆகாது. கடலைச் சட்னியோ, தட்டைப்பயற்றுக் குழம்போ உடனிருத்தல் வேண்டும். வேகவைத்து நீர் இறுத்த கிழங்கை மசித்து, ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் வரமிளகாயும் கரகரப்பாக அரைத்து, வெங்காயத்துடன் பிசைந்து சுடும் அடை, குழந்தைகள் விரும்பும் பலகாரமாகும்.

கொல்லிமலை வாசிகளின் அனுபவம் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அம்மலைச் சரிவுகளில் ஆலைக் கிழங்கு ஏறியபோது சிறுதானியங்கள் ஒதுங்கின. பணம் மட்டுமே அதற்குக் காரணமன்று. சாமையை உரலிலிட்டுக் குத்திப் புடைப்பது பெண்களுக்குப் பெரும்பாடு. அரிசியோ குத்தத் தேவையின்றி வந்து சேர்ந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-க்குப் பின் அம்மலையில் வேலை செய்தபோது, சிறுதானியத்தின் பெருமையைப் பேசியதோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு யந்திரங்களை மகளிர் குழுக்களின் பொறுப்பில் வைத்தனர். உரலின் பாரம் குறைந்தால்தான் தானியம் அடுப்புக்குத் திரும்புமென்று அவர்கள் கண்டது மிகச் சரி. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அதையொட்டிப் பட்டணங்களில் சாமைக்கும் தினைக்கும் நாகரிக மதிப்பு ஏறி, விலையும் ஏறிற்று. சமவெளியிலுள்ள நமக்கு விலை குறைந்ததும் கைக்கெட்டியதும் கேழ்வரகும் கம்புமே. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. கோழிக்குக் கிளிஞ்சல், குழந்தைக்குக் கேழ்வரகுக் களி!

தேங்காய் விலையேறிய காலங்களில் கடலையே கைகொடுக்கும். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை வரமிளகாய், உப்பு, பூண்டுடன் பொடித்து வைத்தால் பொரியலின்மேல் தூவவும், குழம்பைக் கெட்டியாக்கவும், சோற்றில் பிசையவும் உதவும். பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையை மட்டும் இரக்கமின்றி எறிய வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிகள் மாண்டபோது, பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணமென்று கண்டனர். அந்நஞ்சு வறுத்தாலும் முற்றிலும் நீங்காது. மனிதர் ஈரலையும் கெடுக்கும்.

காய்கறி அரிதாகும் பங்குனி சித்திரையில் முளைகட்டிய பயறு காய்க்கு ஈடாகும். முதல் மகாயுத்தத்தில் மெசபொடேமியாவின் கூட் நகரில் முற்றுகையிடப்பட்டு 1916 ஏப்ரலில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் பலர், பச்சைக் காய்கறியின்றி ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் வருந்தினர். அந்நாளில் லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சிச் சாலையில் ஹாரியட் சிக் அம்மையார் முதலியோர், உலர்ந்த பயற்றில் இல்லாத அந்நோய் தடுக்கும் சத்து முளைத்த பயற்றில் உண்டாகிறதென்று நிரூபித்தனர். பாசிப்பயற்றையோ தட்டைப்பயற்றையோ ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால், மறுநாள் முளை வரும். நீண்ட நேரம் வேகவைக்காமல், சிறிது வதக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்ணலாம்.

கோடைக்கென்று தை மாசியிலேயே வற்றல் போட்டு வைப்பதும் அறிவுடைமை. கத்திரி, கொத்தவரை, அவரை, சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றை உப்புநீரில் ஒரு கொதி விட்டு வெயிலில் உலர்த்தினால் ஐந்தாறு மாதம் தாங்கும். பருப்பு வகையும் தை மாசி அறுவடையில் மலிவு, ஆடிக்கு மேல் கிராக்கி. சங்க அங்கத்தினர் இருபது குடும்பத்தார் சேர்ந்து களத்திலேயே துவரையை மொத்தமாகக் கொண்டு, செம்மண் கட்டி உலர்த்தி உடைத்துப் பகிர்ந்துகொண்டால், வியாபாரிக்குப் போகும் இலாபம் வீட்டில் நிற்கும். உழவர் சந்தைகள் 1999-ல் ஏற்பட்டதுமுதல் காய்கறிக்கும் அவ்வசதி உண்டு; சந்தை கலையும் நேரத்தில் போகிறவர் விலையில் நயம் காண்பர். ஆனால் மலிவென்று மூட்டையாக வாங்கி, மூன்றாம் நாள் அழுகியதை எறிவது நஷ்டமே.

குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் போகும் இடத்தில் ஒரு முருங்கைப் போத்து, இரண்டு வாழை, கூரைமேல் ஏற்றும் சுரையும் அவரையும் வைக்கப் பணம் வேண்டியதில்லை. விதையும் வாங்க வேண்டாம். முதலிற் காய்த்த நல்ல சுரைக்காய்களில் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, குலுக்கினால் விதை ஓசைப்படும் பதத்தில் இறக்கி, விதைகளை எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, உலர்ந்த சுரைக்குடுக்கையிலேயே அடைத்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்தால் பூச்சி அண்டாது. ஆடி மாதம் முதல் மழைக்குக் குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தவற்றில் வலியதை நிறுத்திக்கொள்ளலாம். மிஞ்சிய விதையைச் சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டி வைத்து, வேண்டியவர் எடுக்கவும் உள்ளவர் இடவும் ஏற்பாடு செய்தல் சங்கக் காரியதரிசியால் ஆகக்கூடியதே.